மேட்டில் மூச்சு வாங்காத மின்சைக்கிள்: புது மோட்டார்களில் நமக்கு என்ன இருக்கிறது?

#1 பென்னாகரம் வாத்தியார்

எல்லோருக்கும் வணக்கம். வயது 52. வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் 11 கிலோமீட்டர், நடுவில் இரண்டு மேடு. முதல் மேடு பரவாயில்லை. இரண்டாவதில் ஆடு மேய்க்கும் பாட்டி ஒருவர் தினமும் "இறங்கித் தள்ளு சாமி, யாரு பார்க்கப் போறா" என்பார். முட்டி வலி வந்த பிறகு டாக்டர், சைக்கிளை விடவேண்டாம், மேட்டில் மட்டும் அழுத்தி மிதிக்காதீர்கள் என்றார். அதனால் மின்சைக்கிள் தேடுகிறேன்.

போன மாதம் ஒரு கடையில் ஓட்டிப் பார்த்தேன். பின்சக்கரத்தில் மோட்டார். சமதரையில் வழுக்கிக்கொண்டு போனது. பாலம் ஏறும்போது முனக ஆரம்பித்து, பாதியில் என் முட்டியிடமே பாரத்தைக் கொடுத்துவிட்டது. கடைக்காரப் பையன் "மேட்டுல கொஞ்சம் மிதிச்சுக் கொடுக்கணும் சார்" என்றான். மேட்டுக்காகத்தானே தம்பி வாங்குகிறேன்!

என் மகன் ஐரோப்பாவில் வந்திருக்கும் புது மோட்டார்களின் வீடியோ காட்டுகிறான். 100 நியூட்டன் மீட்டர், 1000 வாட் என்கிறான். சுவர் மாதிரி மலையில் ஏறுகிறார்கள். அவற்றில் உண்மையிலேயே என்ன புதிது, எது நம் கைக்கு எட்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒகேனக்கல் இறங்கி, திரும்பி ஏறி வரவேண்டும் என்பது ஆசை. பட்ஜெட் 60,000.

ஸ்கூட்டர் வாங்கச் சொல்லாதீர்கள். வீட்டில் ஒன்று இருக்கிறது.

#2 பூச்சந்தை

ஸ்கூட்டர் வேண்டாம், சரி. எக்ஸெல் மொபெட் வாங்குங்கள் சார். நான் ராயக்கோட்டை ரோட்டில் நாலு மூட்டை சாமந்தியோடு அதில்தான் போகிறேன்.

#3 ஓசூர் ஷிஃப்ட்

பூச்சந்தை அண்ணா, டாக்டர் சொன்னது எக்ஸெல்லுக்கு ஒத்துவராது, விடுங்கள்.

வாத்தியார் சார், நான் ஓசூர் பக்கம் ஒரு ஆலையில் மோட்டார் சோதனை லைனில் இருக்கிறேன். நாங்கள் செய்வது ஸ்கூட்டர் மோட்டார். ஆனாலும் மோட்டாரின் குணம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். அதற்குப் பிடித்த ஒரு சுழல் வேகம் உண்டு. அந்த வேகத்தில் விட்டால் பேட்டரியிலிருந்து வாங்குவதில் ஏறக்குறைய 80 சதவீதத்தை வேலையாகத் திருப்பிக் கொடுக்கும். அதைப் பாதி வேகத்துக்கு இழுத்துப் பிடித்தால், வாங்குவதில் பெரும்பங்கு சூடாகப் போய்விடும்.

நீங்கள் ஓட்டிப் பார்த்தது ஹப் மோட்டார், சக்கரத்தோடு கட்டிப்போட்டது. மேட்டில் சக்கரம் மெதுவானால் அதுவும் மெதுவாகியே ஆகவேண்டும். நீங்கள் பின்னால் எத்தனை கியர் மாற்றினாலும் அது உங்கள் காலுக்குத்தான், மோட்டாருக்குப் போய்ச் சேராது. நடு மோட்டார் பெடல் அச்சில் உட்கார்ந்து செயின் வழியாகத் தள்ளுகிறது. நீங்கள் கியரைக் குறைத்தால் அதற்கும் குறைகிறது. சேலத்திலிருந்து தொப்பூர் கணவாய் ஏறும் லாரியைப் பாருங்கள், இரண்டாவது கியரில் உறுமிக்கொண்டே வந்து சேர்ந்துவிடும். ஹப் மோட்டார் சைக்கிள் என்பது டாப் கியரில் மாட்டிக்கொண்ட லாரி.

இப்போது 1000 வாட் கதைக்கு வருவோம். உங்கள் எடை தெரியாது, 85 கிலோ என்று வைக்கிறேன், கோபிக்கவேண்டாம். சைக்கிள் 22 கிலோ. மொத்தம் 107. நூறு மீட்டருக்கு ஏழு மீட்டர் ஏறும் மேடு. அந்தச் சரிவு உங்களைப் பின்னால் இழுப்பது சுமார் 74 நியூட்டன், டயர் உராய்வுக்கு ஒரு 10 சேர்த்தால் 84. மணிக்கு 12 கிலோமீட்டரில் ஏறினால் வேண்டியது 280 வாட். அதில் முட்டி நோகாமல் நீங்கள் 90 கொடுத்தாலும் மோட்டார் கொடுக்கவேண்டியது 190தான். 250 வாட் மோட்டாரே போதும், கியர் சரியாக இருந்தால்.

அந்த 1000 வாட் யாருக்கு என்றால், அதே மேட்டில் 25இல் பறக்க நினைப்பவர்களுக்கு.

#4 நெக்கர் கரை

ஊர் பாப்பிரெட்டிப்பட்டி, பிழைப்பு ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பக்கம். வாத்தியார் மகன் காட்டும் வீடியோக்களில் வருவதில் ஒன்றைத்தான் ஓட்டுகிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மிதிக்கும்போது மட்டும் உதவுகிற சைக்கிளை யமஹா ஜப்பானில் 1993இலேயே விற்றுவிட்டது. ஆக, யோசனை பழையது. சமீபத்தில் நடந்ததைச் சொல்கிறேன். 2024இல் போஷ் தன் மலைச் சைக்கிள் மோட்டாரின் ஐந்தாம் தலைமுறையை வெளியிட்டது. மெக்னீசியம் கூடு, எடை 2.8 கிலோவை ஒட்டி, முறுக்கு, அதாவது அச்சைச் சுழற்றும் பலம், 85 நியூட்டன் மீட்டர், உச்சம் 600 வாட். அதே ஆண்டு, டிரோன் செய்யும் சீனத்து டிஜேஐ திடீரென்று சைக்கிள் பக்கம் வந்து அவினாக்ஸ் என்ற மோட்டாரைப் போட்டது. 2.52 கிலோ எடை, 105 நியூட்டன் மீட்டர், சிறிது நேரத்துக்கு 120. உச்சம் 1000 வாட். சைக்கிள் உலகம் ஆடிப்போனது. 2025இல் போஷ் வெறும் மென்பொருள் மூலமே அதே மோட்டாரை 100 நியூட்டன் மீட்டருக்கும் 750 வாட்டுக்கும் உயர்த்திக்கொள்ள வழி செய்தது. என் சைக்கிளில் ஒரு திருகைக்கூடத் தொடவில்லை. போனில் ஒரு பொத்தானை அழுத்தினேன், கால்மணி நேரம் கழித்து வேறு வண்டி!

இங்கே சட்டம் 250 வாட் என்கிறதே, இவர்கள் எப்படி 1000 போடுகிறார்கள் என்று கேட்பீர்கள். சட்டம் பார்ப்பது தொடர்ந்து ஓடும் சக்தியை. சில நொடி உச்சம் அதில் வராது. இந்த ஓட்டையில்தான் எல்லோரும் புகுந்து போகிறார்கள். இந்தப் போட்டி எங்கே போய் முடியுமோ என்று ஜெர்மனி சைக்கிள் உற்பத்தியாளர் சங்கமே 2025இல் உச்சத்தை 750 வாட்டோடு நிறுத்தலாம் என்றது.

ஆனால் சார், உண்மையைச் சொல்கிறேன். வாங்கி ஒரு மாதத்தில் இந்த எண்கள் எல்லாம் எனக்கு மறந்துபோயின. மறக்காதது வேறு. மேட்டு நடுவில் சிக்னலுக்கு நின்று மறுபடி கிளம்பும்போது முதல் மிதியிலேயே, யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளுவதுபோல ஒரு உதவி வரும். உதறல் இருக்காது, தாமதமும் இருக்காது. மெதுவாக மிதித்தால் மெதுவாக, அழுத்தினால் அழுத்தி. வேகம் 25 கிலோமீட்டரைத் தாண்டியதும் மோட்டார் தன்னைக் கழற்றிக்கொள்கிறது. பழைய மோட்டாரில் அந்த இடத்தில் மணலில் ஓட்டுவதுபோல இருக்கும், இதில் சாதாரண சைக்கிள் மாதிரி உருள்கிறது. இறக்கத்தில் பழையது கடகடவென்று அடித்துக்கொள்ளும், இது பேசுவதே இல்லை.

#5 கிளிமூக்கு

சார், நான் பர்கூர் அரசு பொறியியல் கல்லூரி மாணவி. என் வண்டி பதினொன்றாம் வகுப்பில் கவர்மென்ட் கொடுத்த இலவச சைக்கிள்தான். போன வருடம் அதில் முன்சக்கர ஹப் மோட்டார் கிட் மாட்டினேன். 36 வோல்ட், 250 வாட். ஆன்லைனில் வாங்கியது, பேர் வேண்டாம்.

மூன்றாவது வாரம் ஹாஸ்டல் போகிற வழியில் ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கி, த்ராட்டிலை முறுக்கினேன். டக் என்று ஒரு சத்தம். முன்சக்கரம் கொஞ்சம் சாய்ந்து ஃபோர்க்கில் உரசியது. இறங்கிப் பார்த்தால் மோட்டாரின் அச்சு ஃபோர்க் காதுக்குள் ஒரு சுற்றுச் சுற்றியிருக்கிறது. அச்சின் நடுவிலிருந்து வரும் ஒயர் முறுக்கிய துணி மாதிரி ஆகி, மூன்றில் இரண்டு ஃபேஸ் அறுந்துவிட்டது. மோட்டார் சக்கரத்தை முன்னால் தள்ளினால் அச்சு பின்னால் சுற்றப் பார்க்கும், அதைப் பிடிக்க ஒரு தடுப்புக் கை வேண்டும் என்பது பாடப்புத்தகத்தில் இருந்தது. என் மண்டையில் இல்லை.

பிறகு வெல்டிங் கடை அண்ணா 10 நம்பர் ஸ்பேனர் ஒன்றை அறுத்து, வாய்ப்பகுதியை அச்சின் தட்டைப் பக்கத்தில் மாட்டி, வால்பகுதியை ஃபோர்க்கில் கிளாம்ப் போட்டுக் கொடுத்தார். 80 ரூபாய். இன்றுவரை அசையவில்லை.

ஒன்று கேட்கவேண்டும். என் கிட்டில் மிதித்தால் உடனே உதவி வருவதில்லை. அரைச் சுற்று கழித்துத் திடீரென்று வரும். நிறுத்தினாலும் ஒரு நொடி தள்ளிக்கொண்டே போகும். திரும்பும்போது பயமாக இருக்கிறது. நெக்கர் கரை அண்ணா சொல்கிற அந்த முதுகில் கை எப்படி வருகிறது?

#6 ஓசூர் ஷிஃப்ட்

தங்கச்சி, ஸ்பேனர் வேலைக்கு ஒரு சபாஷ்.

உன் கிட்டில் பெடல் அச்சுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் வட்டு இருக்கும், சுற்றிலும் குட்டிக் காந்தங்கள். எண்ணிப் பார், எட்டோ பன்னிரண்டோ இருக்கும். அவை ஒரு சென்சாரைக் கடந்து போகும். சென்சாருக்குத் தெரிவது 'பெடல் சுற்றுகிறதா, இல்லையா' மட்டும். இரண்டு மூன்று காந்தம் கடந்த பிறகுதான் சுற்றுகிறது என்று நம்பும். நம்பியதும் நீ எவ்வளவு அழுத்துகிறாய் என்ற கவலை இல்லாமல் கரண்டைத் திறந்துவிடும். வீட்டு ஃபேன் சுவிட்ச் மாதிரி.

நல்ல மோட்டாரில் இருப்பது முறுக்கு சென்சார். நீ மிதிக்கும்போது பெடல் அச்சு, கண்ணுக்குத் தெரியாத அளவு, துளியூண்டு முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கலை அளந்து, அதற்கு விகிதமாக மோட்டாரைத் தள்ளச் சொல்லும். அழுத்தம் ஏறியதுமே தெரிந்துவிடுவதால் பெடல் சுற்றும்வரை காத்திருக்கவேண்டாம். இப்போதைய மோட்டார்கள் இதை நொடிக்கு ஆயிரம் தடவைக்கு மேல் அளக்கின்றன. சரிவை உணரும் சென்சாரையும் கூடவே வைக்கிறார்கள், மேடு வருவது மோட்டாருக்கே தெரிகிறது.

என்னைக் கேட்டால் புதுத் தலைமுறையில் ஓட்டுபவருக்கு நிஜமாகக் கிடைப்பது இந்தக் கேட்கும் காதுதான். வாட் எல்லாம் விளம்பரத்துக்கு.

#7 பூச்சந்தை

எல்லாம் சரி. இறக்கத்தில் பேட்டரி தானாகச் சார்ஜ் ஆகுமா? ஒகேனக்கல் இறங்கினால் பாதி நிரம்பிவிடும் என்று ஒருவர் சொன்னார்.

#8 ஓசூர் ஷிஃப்ட்

சொன்னவர் விற்பனையில் இருப்பார். நடு மோட்டாருக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஃப்ரீவீல் இருக்கிறது. இறக்கத்தில் சக்கரம் சுற்றும், செயின் நிற்கும், மோட்டாருக்கு ஒன்றும் வராது. உள்ளே பல்சக்கரம் வைத்த ஹப் மோட்டாரிலும் இதேதான். பல்சக்கரமே இல்லாத கனமான ஹப் மோட்டாரில் மட்டும் முடியும். அதிலும் சைக்கிள் எடைக்குத் திரும்பி வருவது சொற்பம்.

பென்னாகரம் மேட்டையும் ஒகேனக்கல் ஆற்றங்கரையையும் 250 மீட்டர் வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். 107 கிலோவை அவ்வளவு உயரம் தூக்க வேண்டியது 73 வாட்-மணிதான். மோட்டார் நஷ்டத்தைச் சேர்த்தால் 100. வாத்தியார் மூன்றில் ஒரு பங்கு மிதித்தால் 70க்குள் முடிந்துவிடும். 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பேட்டரியில் 360 இருக்கிறது. மொத்தப் பயணத்துக்கும் தாராளம். கரண்டுக்கு என்றால், முழுச் சார்ஜே அரை யூனிட்டைத் தொடாது.

#9 சங்கிலி மாமா

கிருஷ்ணகிரியில் 31 வருடமாகச் சைக்கிள் கடை. தம்பிகள் மோட்டாரைப் பற்றிப் பேசிவிட்டீர்கள், செயினைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

மனிதன் சாதாரணமாக 100 வாட்டில் மிதிக்கிறான். அந்தச் செயினில் நீங்கள் இன்னும் 200, 300 வாட்டை ஏற்றுகிறீர்கள். நடு மோட்டார் வண்டி ஒன்று என்னிடம் வருகிறது, மாங்காய்த் தோப்புக்காரர் ஒருவருடையது. மேட்டிலும் பெரிய கியரிலேயே ஓட்டுவார், மாற்றமாட்டார். நாலு மாதத்தில் பின்பல் எல்லாம் முள்ளு மாதிரி கூராகி, செயின் பல்லில் உட்காராமல் தாவித் தாவி ஓடியது. மோட்டாரை அவர் குறை சொன்னார். நான் கட்டை விரலால் பல்லைத் தடவிக் காட்டினேன்.

ஒரு வழி சொல்கிறேன், காசு செலவில்லை. வீட்டில் இருக்கும் 12 அங்குல இரும்பு ஸ்கேலை எடுங்கள். செயினில் ஒரு பின்னின் நடுவில் பூஜ்யத்தை வையுங்கள். புதுச் செயினில் 12 அங்குலக் கோட்டில் இன்னொரு பின்னின் நடு சரியாக வந்து நிற்கும். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தள்ளிப் போனால் செயினை மாற்றிவிடுங்கள். எட்டில் ஒரு பங்கு போய்விட்டால் செயினோடு பல்லையும் சேர்த்து மாற்றவேண்டும், அங்கேதான் பர்ஸ் கனம் குறையும்.

கியர் மாற்றும் நொடியில் மிதியைக் கொஞ்சம் தளர்த்தவேண்டும். புது மோட்டார்களில் அந்த நொடியில் தானே தளர்த்திக்கொள்ளும் வசதி உண்டு என்கிறார்கள். நம் ஊர் கிட்டில் கால்தான் செய்யவேண்டும்.

இன்னொன்று. நடு வழியில் செயின் அறுந்தால் நடு மோட்டார்காரன் தள்ளிக்கொண்டுதான் வரவேண்டும். ஹப் மோட்டார்காரன் த்ராட்டிலில் வீடு வந்து சேர்ந்துவிடுவான். தம்பி ஹப்பை ரொம்பத் திட்டியதால் சொல்கிறேன்.

#10 நெக்கர் கரை

சங்கிலி மாமா சொன்னது தங்கம். இங்கே அதனாலேயே செயினை ஒழிக்கப் பார்க்கிறார்கள். பினியன் என்ற ஜெர்மன் கம்பெனி 2023இல் மோட்டாரையும் 12 கியர் உள்ள பெட்டியையும் ஒரே கூட்டில் வைத்துவிட்டது. வெளியே பல் அடுக்கும் இல்லை, செயினைப் பல்லுக்குப் பல் நகர்த்தும் டிரெயிலியரும் இல்லை, எண்ணெய் வேண்டாத ரப்பர் பெல்ட் மட்டும். நின்றுகொண்டேகூட கியர் மாற்றலாம். முட்டி வலிக்காரருக்கு இது வரம். மேட்டில் திடீரென்று நின்றால் பெரிய கியரில் மாட்டிக்கொண்டு தவிக்கவேண்டாம். ஜப்பான் கம்பெனி ஷிமானோவின் ஒரு ஏற்பாடு, மிதிக்கும் வேகத்தைப் பார்த்துத் தானே கியர் மாற்றுகிறது.

இதைவிட வினோதம் ஒன்று உண்டு. ஷெஃப்லர் என்ற ஜெர்மன் கம்பெனி 2021இல் காட்டிய 'ஃப்ரீ டிரைவ்'. அதில் பெடலுக்கும் சக்கரத்துக்கும் சங்கிலித் தொடர்பே கிடையாது. நீங்கள் மிதிப்பது ஒரு ஜெனரேட்டரை. அதிலிருந்து கரண்ட் ஒயர் வழியாகச் சக்கர மோட்டாருக்குப் போகிறது. மீந்தால் பேட்டரிக்கு. கையால் மாவாட்டி, அந்த மாவை மிக்ஸியில் ஊற்றியது மாதிரி என்று என் மனைவி சொன்னாள். இப்படிக் கரண்டாக மாற்றுவதில் கொஞ்சம் சக்தி வீணாகும்தான், ஆனால் சுமை வண்டி, மூன்று சக்கர வண்டிக்கு அர்த்தம் இருக்கிறது.

#11 ஓசூர் ஷிஃப்ட்

ஷெஃப்லருக்கு ஓசூரிலேயே ஆலை இருக்கிறது. சைக்கிளுக்கு இல்லை, கார் டிராக்டர் பாகங்களுக்கு. போச்சம்பள்ளியில் ஓலா, ஓசூரில் ஏத்தர், டிவிஎஸ் என்று மாவட்டமே மோட்டார் சுற்றுகிறது. பக்கத்து ஊர் வாத்தியாருக்கு மேடு ஏறும் ஒரு சைக்கிள் மட்டும் கிடைக்கமாட்டேன் என்கிறது. வயிற்றெரிச்சல்.

#12 பூச்சந்தை

சுமை வண்டி என்றதும் காது நிமிர்ந்தது. அண்ணா, 60 கிலோ பூவோடு மேடு ஏறும் சைக்கிள் வந்தால் எக்ஸெல்லை நானே விற்றுவிடுவேன். விடியற்காலை மூன்று மணிக்கு அது போடும் சத்தத்துக்குத் தெருவே திட்டுகிறது.

#13 பென்னாகரம் வாத்தியார்

எவ்வளவு விஷயம்! எல்லோருக்கும் நன்றி. எனக்குப் புரிந்தவரை, என் தேவைக்குக் குறைந்த வாட்டே போதும், கியர் வழியாகத் தள்ளும் மோட்டாரும் முறுக்கு சென்சாரும்தான் வேண்டும். அந்த வெளிநாட்டு மோட்டாரை ஒரு சைக்கிளோடு வரவழைக்க விலை கேட்டேன். பதில் வந்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

என்னிடம் ஏழு கியர் உள்ள பழைய மலைச் சைக்கிள் ஒன்று இருக்கிறது, மகன் கல்லூரிக்கு வாங்கியது. அதில் முறுக்கு சென்சார் உள்ள நடு மோட்டார் கிட் மாட்டலாமா? சட்டம் என்ன சொல்கிறது? வாத்தியார் ஆயிற்றே, போலீஸ் நிறுத்தினால் மானம் போய்விடும்.

#14 கிளிமூக்கு

சார், எங்கள் புராஜெக்ட்டுக்காகத் தேடிப் படித்தது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2(யூ) என்ற பகுதி. பெடல் உதவியுள்ள சைக்கிளில் மோட்டாரின் 30 நிமிட சக்தி 250 வாட்டுக்குக் குறைவாக இருக்கவேண்டும். 25 கிலோமீட்டர் வேகம் வந்தாலோ மிதிப்பதை நிறுத்தினாலோ உதவி நின்றுவிடவேண்டும். பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவைத் தாண்டக் கூடாது. நல்ல பிரேக்கும், முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டரும் வேண்டும். இதையெல்லாம் அங்கீகாரம் பெற்ற சோதனை நிறுவனம் சரிபார்த்து ஒப்புதல் தந்தால் அது மோட்டார் வாகனமே இல்லை. பதிவும் வேண்டாம், லைசென்ஸும் வேண்டாம்.

கிட்களில் 500, 750 வாட்டும் அதே உருவத்தில் வருகின்றன. விற்பவர் "யார் சார் பார்க்கப் போறாங்க" என்பார். விபத்து என்று ஒன்று நடந்தால் பார்ப்பார்கள். 250 போதும் என்று ஷிஃப்ட் அண்ணாவே கணக்குப் போட்டுவிட்டார்.

#15 சங்கிலி மாமா

மாட்டலாம் சார், கொண்டுவாருங்கள். முதலில் பெடல் அச்சு போகும் பிபி குழாயின் அகலத்தை அளக்கவேண்டும். 68 மில்லிமீட்டர் இருந்து, உள்ளே மரை நன்றாக இருந்தால் அரை நாள் வேலை. உள்ளே துரு பிடித்து, அச்சைத் தாங்கும் கப் கழலாமல் அடம்பிடித்தால் ஒரு நாள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தக் கிட்களில் உள்ளே ஒரு நைலான் பல்சக்கரம் இருக்கும். சத்தம் குறையவும், ஏதாவது மாட்டிக்கொண்டால் மற்றதைக் காப்பாற்றித் தான் உடையவும் வைத்தது. அதை ஒன்று உபரியாக இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேடினால் மூன்று வாரம் ஆகும்.

நெக்கர் கரை தம்பி வண்டி ஊமை மாதிரி ஓடும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதன் மூடியை நான் திறக்க முடியுமா? பேட்டரி வேறு, மோட்டார் வேறு என்று மாற்றிப் போட முடியுமா?

#16 நெக்கர் கரை

முடியாது மாமா. பேட்டரி, மோட்டார், திரை மூன்றும் ஒன்றையொன்று அடையாளம் கண்டால்தான் ஓடும். திருடனுக்கு அது தொல்லை, நல்லதுதான். மெக்கானிக்குக்கும் அதே தொல்லை. இங்கேயே மோட்டார் பழுதென்றால் கடைக்காரர் திறக்கமாட்டார், பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டு மாற்று மோட்டார் வாங்கித் தருவார். உத்தரவாதம் முடிந்த பிறகு என்றால் தலையில் துண்டுதான்.

#17 ஓசூர் ஷிஃப்ட்

பேட்டரி பற்றிச் சுருக்கமாக, இதில் விளையாடக் கூடாது. மின் ஸ்கூட்டர்கள் தீப்பிடித்த பிறகு ஏஐஎஸ்-156 என்ற பேட்டரி விதியை 2022இல் இறுக்கினார்கள். அது மோட்டார் வாகனத்துக்கு. சைக்கிள் மோட்டார் வாகனம் இல்லை என்றால் அதன் பேட்டரியும் அந்த வலைக்குள் வராது, பார்த்து வாங்குவது உங்கள் பொறுப்பு. ஒவ்வொரு செல்லையும் கவனிக்கும் பிஎம்எஸ் உள்ளே இருக்கிறதா, பில் உண்டா, வாரண்டி எழுத்தில் உண்டா என்று பாருங்கள். சித்திரை வெயிலில் பள்ளிக்கூட வாசலில் விடாதீர்கள், கழற்றி ஸ்டாஃப் ரூமுக்குள் எடுத்துப் போங்கள். ஓட்டி வந்த சூட்டோடு சார்ஜ் போடாதீர்கள், ஒரு டீ குடித்துவிட்டுப் போடுங்கள். ராத்திரி கட்டிலுக்கடியில் சார்ஜ் போடுவது வேண்டவே வேண்டாம்.

#18 பென்னாகரம் வாத்தியார்

இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன். இழையைத் தூசி தட்டியதற்கு மன்னிக்கவும்.

கிருஷ்ணகிரி போய் சங்கிலி அண்ணாவிடம் மாட்டிக்கொண்டேன். கப் அடம்பிடித்தது, ஒரு நாள் ஆனது. 250 வாட், முறுக்கு சென்சார், 36 வோல்ட் 14 ஆம்பியர்-மணி பேட்டரி. உபரி நைலான் பல்சக்கரம் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. பட்ஜெட்டை எட்டாயிரம் தாண்டியது, வீட்டில் ஐந்தாயிரம் என்று சொல்லியிருக்கிறேன்.

முதல் வாரம் தடுமாற்றம்தான். நாற்பது வருடமாக மேடு கண்டால் எழுந்து நின்று மிதித்த கால். இப்போது மேட்டுக்கு முன்பே கியரைக் குறைத்து, உட்கார்ந்தபடி சின்னச் சின்னதாகச் சுற்றவேண்டும். அழுத்தினால் மோட்டார் கூட அழுத்துகிறது, அதற்காக அழுத்தவேண்டியதில்லை என்று காலுக்குப் புரிய ஒரு வாரம் ஆனது. பாட்டி இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டார். "என்னமோ வச்சிருக்க சாமி அடியில" என்று குனிந்து பார்த்தார்.

போன ஞாயிறு ஒகேனக்கல். இறக்கத்தில் மோட்டாருக்கு வேலையே இல்லை, பிரேக் கட்டைதான் பாவம். வறுத்த மீனைத் தின்றுவிட்டு, பகல் பதினொன்றுக்கு ஏற ஆரம்பித்தேன். யானை நடமாடும் ரோடு, சாயங்காலம் வரை இருக்கக் கூடாது. முதல் வளைவிலேயே ஆகக் குறைந்த கியருக்குப் போய்விட்டேன். வேகம் 10, 11. கார்காரர்கள் ஹாரன் அடித்துக்கொண்டே தாண்டினார்கள். மூன்றாவது வளைவில் நின்று தண்ணீர் குடித்தேன். அங்கே, சரிவின் நடுவில், மறுபடி கிளம்பவேண்டும். ஒரு கால் பெடலில், ஒரு கால் தரையில். மெல்ல அழுத்தினேன். நெக்கர் கரை தம்பி சொன்ன அந்தக் கை முதுகில் வந்தது. அவர் வண்டி அளவுக்கு மெத்தென்று இருக்காது, ஒரு சின்ன உதறல் உண்டு. இருந்தாலும் வந்தது.

மேலே வந்ததும் மோட்டார் மேல் கை வைத்துப் பார்த்தேன். காபி டம்ளர் சூடு, கையை வைத்திருக்க முடிந்தது. வீடு வந்தபோது பேட்டரியில் ஐந்து கோட்டில் மூன்று மிச்சம். முட்டி மறுநாள் காலை எதுவும் சொல்லவில்லை. உட்காரும் இடம்தான் சொல்கிறது, நல்ல சீட் யாராவது சொல்லுங்கள்.

சத்தத்தைப் பற்றி: சீராக ஒரு 'ம்ம்ம்' இருக்கிறது. வகுப்பில் பின் பெஞ்சில் யாரோ வாய்க்குள் பாடுவது மாதிரி. பழகிவிட்டது.

#19 கிளிமூக்கு

சார் சூப்பர்! அந்தச் சின்ன உதறல், சில கிட்களில் மென்பொருளை மாற்றிக் குறைக்கலாம். உங்கள் மாடல் எது என்று தனியாக அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். எதையும் அவசரப்பட்டு ஏற்றிவிடாதீர்கள்.

#20 பூச்சந்தை

மீன் எந்தக் கடை?

#21 சங்கிலி மாமா

வாத்தியார் சார், எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். 800 தாண்டியிருந்தால் ஸ்கேலை எடுத்து செயினை அளந்துவிடுங்கள். சீட் என்னிடம் இரண்டு மூன்று இருக்கிறது, உட்கார்ந்து பார்த்து எடுத்துக்கொள்ளலாம். செவ்வாய்க்கிழமை மட்டும் வரவேண்டாம், கடை லீவு.